வீடு விற்குமுன் கிணற்றைப் பார்த்தது: பண்டாரவளைப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளை நகரைத் தாண்டி, ஒரு சரிவின் நடுவில் இருக்கிறது வீடு. காணி 18 பேர்ச். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். மனைவியும் பள்ளியில் படிப்பித்தவர், ஊருக்கு டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருப்பதால், வீட்டை விற்றுவிட்டு மகளுடன் போய் இருக்கலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். வாங்க வந்தது ஓர் இளம் தம்பதி. கைக்குழந்தை இருக்கிறது, பால்மா குடிக்கும் பிள்ளை.

அந்தச் சரிவுக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் வீட்டின் பின்பக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். 24 அடி ஆழம், நான்கடி அகலம், உள்ளே கொங்கிறீட் வளையங்கள். மோட்டார் தண்ணீரைக் கூரைமேல் தாங்கிக்கு ஏற்றும். அதே கிணற்றிலிருந்து கீழ்வீட்டு அம்மா ஒருவரும் ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்து வருகிறார். சரிவு என்பதால் அவருக்கு மோட்டார் தேவையில்லை, தானாக இறங்கும். இது மாஸ்டரின் அப்பா காலத்து வாய்ப்பேச்சு. காணி உறுதிப்பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

பண்டாரவளையில் கிணற்று வீடு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது தண்ணீரின் சுத்தத்தை அல்ல, கிணறு வற்றியதா என்பதைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. 2014 டிசம்பரில், ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பாயத் தொடங்கிய பிறகு, இந்தப் பகுதியில் பல கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017 இல் அதற்காக நகரமே தெருவுக்கு வந்தது. மாஸ்டரின் கிணறு அப்போதும் வற்றவில்லை. "வற்றாத கிணறு" என்பதையே தரகர் விற்பனைப் பேச்சின் முதல் வரியாக வைத்திருந்தார். தண்ணீர் இருக்கிறது என்றால் நல்ல தண்ணீர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். வாங்குகிறவர்கள் தண்ணீர் அறிக்கை கேட்டபோது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். தரகர் அதற்குள் ஒரு வழி சொல்லியிருந்தார்: "மாஸ்டர், கிணத்த எறச்சு ஒரு டப்பா குளோரின் போட்டுவிடுங்க. மறுநாள் தண்ணி குடுத்தா ரிப்போட் பாஸாயிடும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி எடுத்த அறிக்கை குளோரினைப் பற்றித்தான் பேசும், கிணற்றைப் பற்றிப் பேசாது. கிருமி எங்கிருந்து வருகிறதோ அந்த வழி அப்படியே திறந்திருக்க, உள்ளே இருந்தது மட்டும் சில நாளைக்குச் செத்திருக்கும்.

எனவே முதல் முடிவு: எதையும் கழுவாமல், எதையும் போடாமல், கிணறு இருக்கிற நிலையிலேயே மாதிரி எடுப்பது.

ஜூலை: வறண்ட காலத்தில் கண்டது

ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்றும் வறட்சியும். ஹற்றன், நாவலப்பிட்டிப் பக்கம் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி இங்கே அதிகம் வராது. ஜூலையில் கிணற்றில் ஏழடித் தண்ணீர் நின்றது.

போத்தலைத் தொடுமுன் சுற்றுப்புறத்தைப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் தோண்டிய கிணறுகளுக்கு வைத்திருக்கும் பரிசோதனைப் படிவத்தின் கேள்விகள் எளிமையானவை. மலசலகூடம் எவ்வளவு தூரத்தில், அது கிணற்றைவிட மேட்டில் இருக்கிறதா, கிணற்றைச் சுற்றிய சீமெந்துத் தளம் ஒரு மீற்றராவது அகலமா, அதில் வெடிப்பு உண்டா, நிலமட்டத்திலிருந்து மூன்று மீற்றர் வரை உட்சுவர் நீர் கசியாமல் அடைபட்டிருக்கிறதா. இந்தக் கிணற்றில் தளம் இரண்டடிதான் இருந்தது. மேட்டுப்பக்கம் ஒரு வெடிப்பு, விரல் நுனி நுழையும். மூடி தகரம், ஓரம் துருப்பிடித்து இடைவெளி விட்டிருந்தது. மேலே பக்கத்து வீட்டுக்காரரின் மலக்குழி. நாடா பிடித்து அளந்தால் 36 அடி. பொதுவாக நாங்கள் கேட்பது 50 அடி, அதுவும் சமநிலத்துக்கு. குழி மேட்டில் இருந்தால் 50 அடி போதும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குழிக்கு அடி கட்டப்படவில்லை, மண்ணோடு திறந்திருந்தது. அதற்கு அப்பால் சின்ன உருளைக்கிழங்குப் பாத்தி, ஓரத்தில் கோழி எரு மூட்டைகள்.

மாதிரி இரண்டு இடத்தில் எடுத்தோம். ஒன்று நேராகக் கிணற்றில், மற்றது சமையலறைக் குழாயில். ஆய்வுகூடம் தரும் கிருமியழித்த போத்தலைக் கழுவக்கூடாது. உள்ளே இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. கழுத்தில் சுத்தமான கம்பி கட்டி, சுவரில் முட்டாமல் இறக்கி, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்று காலையே கொடுத்தோம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணம் கட்டினால் தனியார் கிணற்று மாதிரியையும் பார்த்துத் தரும். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரி ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வது நல்லது. நேற்று எடுத்து இன்று கொண்டுபோகலாம் என்று வைத்துக்கொள்ளக்கூடாது.

கிணற்று மாதிரியில் ஈ.கோலி, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் கிருமி, இல்லை. மலக்கழிவிலும் எருவிலும் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்று லீற்றருக்கு 16 மில்லிகிராம், இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 குடிநீர்த் தரத்தின் எல்லை 50. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மட்டும் 5.8 (7க்குக் குறைந்தால் அமிலம்), தரம் கேட்பது 6.5 முதல் 8.5 வரை. மலைநாட்டுக் கிணறுகளில் இது புதிதல்ல. சிதைந்த பாறை மண்ணில் மழைநீர் இறங்கி நிற்கும் மென்தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் அமிலப் பக்கம்தான் சாயும்.

குழாய் மாதிரிதான் வேறு கதை சொன்னது. கிணற்றில் இரும்பு 0.1 மில்லிகிராம், குழாயில் 0.9. எல்லை 0.3. ஈ.கோலியும் சேர்ந்த பெரிய கிருமிக் கூட்டமான கோலிபோர்மின் எண்ணிக்கையும் கிணற்றைவிடக் குழாயில் அதிகம். தாங்கியில் ஏறிப் பார்த்தபோது மூடி பாதி உடைந்து, காய்ந்த சவுக்கிலைகள் மிதந்தன. அடியில் விரற்கடை அளவுக்குச் சேறு. வீட்டுக்குள் ஓடிய பழைய நாகக் குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அந்த அமிலத் தண்ணீர் வருடக்கணக்காக அரித்திருந்தது. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தோம். உட்துளை பாதியாகச் சுருங்கி, துரு கட்டியாய் நின்றது. டீச்சர் வெள்ளைத் துணி மஞ்சளாகிறது என்று பல வருடமாகச் சொல்லி வந்ததன் காரணம் அதுதான். கிணற்றில் மட்டும் மாதிரி எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. குடிப்பவர் வாய்க்கு வருவது குழாய்த் தண்ணீர்.

ஓகஸ்ட்: தண்ணீர் எவ்வளவு ஊறும்

வாங்குகிறவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல, ஓகஸ்ட் கடைசியில், தண்ணீர் ஆகக் குறைந்திருக்கும் நேரத்தில் ஊறலை அளந்தோம். மோட்டாரால் ஐந்தடி இறைத்துவிட்டு நிறுத்தி, கயிற்றில் கட்டிய அளவுகோலால் மட்டத்தைக் குறித்துக்கொண்டே வந்தோம். முதல் ஒரு மணி நேரத்தில் 9 அங்குலம் ஏறியது. நான்கடி வட்டக் கிணற்றில் அது ஏறக்குறைய 265 லீற்றர். மட்டம் ஏற ஏற வேகம் குறையும், அது இயல்பு. இரண்டு வீட்டுக்கும் வறட்சியிலும் போதும். இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஒக்டோபர்: மழைக்குப் பின்

ஜூலை அறிக்கை கையில் இருந்தது. ஈ.கோலி இல்லை என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. தரகர் கையெழுத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். வெளிநாட்டிலிருந்த மகனும் தொலைபேசியில் அதையே சொன்னார்: "அப்பா, பொய் ரிப்போட்டா குடுக்கிறோம்? உள்ளதத்தானே குடுக்கிறோம்."

அது பொய் இல்லைதான். ஆனால் வறட்சியில் 36 அடி மண்ணுக்குள் தண்ணீர் நகர்வது மெதுவாக. கிருமிகள் வழியிலேயே சாகும். மண் நனைந்து ஊறிய பிறகு அதே தூரத்தைத் தண்ணீர் வேறு வேகத்தில் கடக்கும். மேட்டில் ஒரு திறந்த குழியும், தளத்தில் வெடிப்பும் கண்ணால் பார்த்த பிறகு, மழைக்கு முந்திய அறிக்கையை மட்டும் கொடுத்து வீட்டை விற்க என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாஸ்டரிடம் அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ள பால்மா குடிக்குது இல்ல, சரி, மழையைப் பார்த்துட்டே போவோம்" என்றார். கையெழுத்து தள்ளிப்போனது. வாங்குகிறவர்களுக்கும் காரணத்தை மறைக்காமல் சொன்னோம்.

ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் மாலைமழை. நான்காம் நாள் காலை மாதிரி எடுத்தோம். மூடியைத் திறந்ததும் ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பினேன். டோர்ச் வெளிச்சத்தைவிட இது நன்றாகக் காட்டும். மேலிருந்து மூன்றாவது வளையமும் நான்காவதும் சேரும் இடத்தில், மேட்டுப்பக்கம், சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. அதன் வழியே தண்ணீர் மெல்லிய நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. பொருத்தில் சீமெந்து உதிர்ந்து, பின்னால் மண் தெரிந்தது. ஜூலையில் அந்த இடம் காய்ந்து, சாம்பல் நிறத்தில் மற்ற இடம் மாதிரியே இருந்தது.

அறிக்கை வந்தது: 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி 22. குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைத்திரேற்று 16 இலிருந்து 33 ஆகியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வாங்குகிறவர்களிடம் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே கொடுத்தோம். இதில் மாஸ்டர் தயங்கவில்லை. டீச்சர்தான் கவலைப்பட்டார், இனி யார் வாங்குவார்கள் என்று. அந்தத் தம்பதி கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பது: கொதிக்க வைத்தால் சரியாகாதா? கிருமிக்குச் சரியாகும். நைத்திரேற்றுக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே தங்கும்; ஆகவே லீற்றருக்குள்ள அளவு கூடத்தான் செய்யும். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது இரத்தத்தின் ஒட்சிசன் கொண்டுபோகும் திறனைக் குறைக்கும் என்பதால்தான் 50 என்ற எல்லையே வைக்கப்பட்டது. 33 எல்லைக்குள்தான். ஆனாலும் மூன்று மாதத்தில் இரட்டிப்பான ஓர் எண்ணை எல்லைக்குள் என்று சொல்லி விட்டுவிட முடியாது. கிணறு சீராகும்வரை குழந்தைக்கு வேறு தண்ணீர் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீங்களா சொன்னதாலதான் நிக்கிறோம் மாஸ்டர்" என்று அந்தத் தம்பி சொன்னது என் காதில் விழுந்தது.

அடுத்தது கீழ்வீட்டு அம்மா. அவர் வீட்டுக்குப் போகிறதும் இதே தண்ணீர். வாங்குகிறவர் பேச்சில் எல்லோரும் அவரை மறந்தே போயிருந்தார்கள். நான் போய்ச் சொன்னபோது, "பன்னெண்டு வருசமா இந்தத் தண்ணியிலதான் சோறாக்குறேன் ஐயா, ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு பேரப்பிள்ளைக்கு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் வருவதைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அது இந்தத் தண்ணீரால்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. கொதித்தாறிய நீரையே குடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய அடுத்த பயம் வேறு: வீடு கைமாறினால் குழாயை வெட்டிவிடுவார்களோ? அந்தப் பயம் நியாயமானது. இலங்கையில் காணி சம்பந்தமான உரிமை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருந்தால்தான் தலை நிமிர்ந்து நிற்கும். பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல் அனுபவித்தேன் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், ஆனால் ஒரு குடம் தண்ணீருக்காக அந்த வயதில் நீதிமன்றம் ஏறவேண்டுமா? விற்பனை உறுதியிலேயே அவர் தண்ணீர் எடுக்கும் உரிமையை எழுதுவது என்று முடிவானது. வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள், வறட்சியில் காலை மட்டும் எடுக்கவேண்டும் என்று. அம்மா சரி என்றார்.

கிணற்றுச் சீரமைப்பை முதலில் தொடங்கினோம், ஏனென்றால் அது நம் கையில் இருந்தது. மழை ஓய்ந்த இடைவெளியில் இறைத்து, சேறு அள்ளி, வளையப் பொருத்துகளை மேலிருந்து பத்தடிவரை கொத்தித் திறந்து, நீர் கசியாத சீமெந்துக் கலவையால் அடைத்தார்கள். வெளிப்பக்கம் மண்ணை மூன்றடி தோண்டி, களிமண் போட்டு இறுக்கினார்கள். தளத்தை நாலடிக்கு அகலப்படுத்தி, வெளிச்சரிவும் வடிகாலும் வைத்தார்கள். தகர மூடிக்குப் பதில் கொங்கிறீட் மூடி. வீட்டுக்குள் நாகக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய், தாங்கிக்குப் புது மூடி. கிணற்றுக்குள் ஆள் இறங்குமுன் மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம்; அது மட்டும் போதாது என்பதால் ஊதுவிசிறியால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்கத்தான் இறக்கினோம்.

அதன்பின்தான் குளோரின். கிணற்றில் ஏறக்குறைய 3500 லீற்றர் நின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்றால் 175 கிராம். 30 சதவீத வலுவுள்ள வெளிற்றும் தூளில் 600 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை ஊற்றி, சுவரையும் அதாலேயே கழுவி, ஒரு முழு நாள் விட்டோம். கீழ்வீட்டுக் குழாயை முன்கூட்டியே கழற்றி வைத்தோம். இறைத்த குளோரின் தண்ணீரை ஓடைக்குள்ளோ பாத்திக்குள்ளோ விடாமல் வெறும் நிலத்தில் பரவவிட்டோம்.

பக்கத்து வீட்டுப் பேச்சு

மலக்குழிப் பேச்சு எளிதாக இருக்கவில்லை. அவர் கோபப்பட்டார், அதிலும் நியாயம் இருந்தது. "மாஸ்டர், நான் குழி வெட்டுறப்போ நீங்களும்தான் பார்த்துக்கிட்டு நின்னீங்க. இப்ப விக்கப் போறப்போ என் குழி நாறுதா?" என்றார். மாஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. அறிக்கைகளைத் திண்ணையில் விரித்துக் காட்டினார். அவற்றைவிட அந்தக் கண்ணாடிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம். அவரையே கிணற்றுக்குக் கூட்டிவந்து, அடைத்த பொருத்துக்குக் கீழேயும் ஒரு புது ஈரக்கோடு இறங்கியிருப்பதைக் காட்டினோம். அது நவம்பர் கடைசி மழைக்குப் பின்.

டிசம்பரில், குளோரின் வாசனை முற்றாகப் போய், மறுபடி நல்ல மழை பெய்த பிறகு எடுத்த மாதிரியில் ஈ.கோலி 3. குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஆக மேல்மட்டத் தண்ணீர் ஒரு வழி, குழி இன்னொரு வழி என்பது தெளிவானது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார். அடி அடைத்த இரண்டறைத் தொட்டியும், அதிலிருந்து வடியும் குழியும் அவர் காணியின் மறுபக்கம், கிணற்றிலிருந்து 80 அடிக்கு மேல். சீமெந்தும் வளையங்களும் மாஸ்டர் கணக்கு, கூலி அவர் கணக்கு. புதுக் குழிக்கு இடம் பார்க்கும்போது கீழே தாங்குசுவர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்தோம். மலைச்சரிவில் நீர் ஊறிய மண் சுவரைத் தள்ளும். தண்ணீரைக் காப்பாற்றப் போய் மண்ணைச் சரியவிட முடியாது. பழைய குழியைக் காலிசெய்து, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள்.

விளைவு

பெப்ரவரியில், வடகீழ்ப் பருவமழையின் கடைசி மழைகளுக்குப் பின், கிணற்றிலும் குழாயிலும் எடுத்த இரண்டு மாதிரியிலும் ஈ.கோலி இல்லை. குழாயில் இரும்பு 0.2. நைத்திரேற்று 24. ஜூலை அளவுக்கு அது இறங்கவில்லை. உருளைக்கிழங்குப் பாத்தி அங்கேயேதான் இருக்கிறது, எருவும் போடுகிறார்கள். மிச்சம் அதிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். பி.எச். 5.9; பிளாஸ்டிக் குழாய்க்கு அதனால் பாதகமில்லை.

மார்ச்சில் உறுதி எழுதப்பட்டது. பேசிய விலையில் மாஸ்டர் ஒரு சிறு தொகை குறைத்தார், சீரமைப்புச் செலவையும் தானே ஏற்றார். நான்கு அறிக்கைகளும் உறுதியின் நகலோடு வாங்கியவர்கள் கையில். கீழ்வீட்டு அம்மாவின் உரிமை உறுதியில் எழுதப்பட்டது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டும்வரை பால்மாவுக்குப் போத்தல் தண்ணீரையே வைத்துக்கொள்வதாக அந்தத் தம்பதி சொன்னார்கள். நான் தடுக்கவில்லை.

மாறவேண்டியவை

இந்த வேலை ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. ஊவாப் பக்கம் வீடு விற்க நினைப்பவர், விளம்பரம் போடுவதற்கு முந்திய ஒக்டோபர்–டிசம்பர் மழையிலேயே முதல் மாதிரியை எடுத்துவிட்டால் பாதிக் காலம் மிச்சமாகும். ஹற்றன், நுவரெலியாவின் மேற்குப் பக்கச் சரிவுகளுக்கு அது ஜூன், ஜூலை. ஊறலை மட்டும் வறட்சியில் அளக்கவேண்டும். ஆகவே ஒரே நாளில் இரண்டையும் முடிக்க வழியில்லை. வாங்குகிறவரும் ஒரே தாளைக் கேட்டுத் திருப்தியடையக்கூடாது.

அறிக்கையில் மாதிரி எடுத்த நாள் இருக்கும், அதற்கு முந்திய நாட்களின் மழை இருக்காது. அதை விற்கிறவரே ஓரத்தில் எழுதி வைக்கட்டும். கடைசியாக எப்போது குளோரின் போட்டது என்பதையும் எழுதட்டும். நான் இப்போது பார்க்கும் கிணறுகளுக்கு இந்த இரண்டு வரியையும் கேட்டு வாங்குகிறேன்.

மேட்டில் இருக்கும் அயலவரிடம் முதல் அறிக்கைக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. கெட்ட அறிக்கையோடு போனால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். வெறும் நாடாவோடு போய், நாமும் அளப்போம் வாருங்கள் என்று கூப்பிட்டால் அவரும் கூடவே நிற்பார்.

அதேபோல ஒரு கிணற்றில் இரண்டு வீடு குடித்தால் மாதிரியும் இரண்டு வீட்டுக் குழாயிலும் எடுக்கவேண்டும். கீழ்வீட்டு அம்மாவின் ரப்பர் குழாய் வருடக்கணக்காகச் சேற்றில் கிடந்தது. அதைப் பெப்ரவரியில்தான் மாற்றினோம். அவர் வீட்டுத் தண்ணீருக்குத் தனி மாதிரி அடுத்த ஒக்டோபர் மழையில் எடுப்பதாக வீட்டை வாங்கியவர்கள் ஏற்றிருக்கிறார்கள், கட்டணமும் அவர்களுடையது.